தெளிப்பான் தயங்குகிறதா? ஓடவிட்டு அளந்து பாருங்கள்!

கிணற்று மோட்டார் திடீரென நின்றுவிட்டால் விவசாயி பதறுவதில்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, முதலில் பீங்கான் ஃபியூஸ் கட்டையைக் கழற்றிப் பார்க்கிறார். கம்பி எரிந்திருந்தால் மாற்றுகிறார். எரியவில்லை என்றால் ஸ்டார்ட்டரைப் பார்க்கிறார். அதுவும் சரியாக இருந்தால்தான் மோட்டாரைக் கழற்றும் யோசனைக்கு வருகிறார். விருத்தாசலம் வட்டாரத்து விவசாயிக்கு இந்த ஒழுங்கு நன்றாகவே தெரியும். பீங்கான் பொம்மைகளுக்கும் அகல் விளக்குகளுக்கும் பெயர் பெற்ற இவ்வூரின் சூளைகள் ஃபியூஸ் கட்டைகளுக்கும் பெயர் பெற்றவை.

ஆனால் அதே விவசாயியின் பேட்டரித் தெளிப்பான் வயலில் நின்றுவிட்டால் நடப்பது வேறு. "பேட்டரி போய்விட்டது" என்று முடிவு கட்டி, டவுனுக்குப் போய்ப் புதிய பேட்டரி வாங்கி வந்துவிடுகிறார். மாட்டியதும் ஓடுகிறது. நான்கு நாள் கழித்து மறுபடியும் தயங்குகிறது. உண்மையில் பழுது பேட்டரியில் இல்லை. களிம்பு பிடித்த ஓர் இணைப்பிலோ, கருகிய ஒரு சுவிட்சிலோ அது ஒளிந்திருக்கிறது. பேட்டரியை மாற்றும்போது வயர்கள் அசைந்து கொடுத்ததால் தற்காலிகமாகச் சரியானது, அவ்வளவுதான்.

இப்பழுதுகளில் பெரும்பாலானவற்றை விவசாயியே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியும். அதற்கு வேண்டியது ஒரு மல்டிமீட்டர், ஒரு பல்பு, கொஞ்சம் பொறுமை.

நின்றுபோவதை விடத் தயங்குவதே கேடு

தெளிப்பான் அடியோடு நின்றுவிட்டால் விவசாயிக்கு அது தெரிந்துவிடும். ஓடிக்கொண்டே வலுக் குறைவதுதான் பெரிய நட்டம். மோட்டாருக்கு 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 10 வோல்ட் போனால் அது ஓடத்தான் செய்யும். ஆனால் வேகம் குறையும், அழுத்தம் இறங்கும். புகைபோலப் படிய வேண்டிய மருந்துநீர் பெரிய துளிகளாக விழுந்து, இலையின் மேல் உருண்டு மண்ணில் சேரும். இலையின் அடிப்புறம் நனையாது.

மணிலாவில் இலைப்புள்ளி நோயும் துரு நோயும் தென்படும்போது, இப்படி அடித்த மருந்து பலன் தராது. இளம் ஒட்டு முந்திரியில் தளிரையும் பூவையும் தேயிலைக் கொசு கருக்கும்போதும் இதே கதைதான். அப்போது விவசாயி மருந்தைச் சந்தேகிக்கிறார், கடைக்காரரைக் கோபிக்கிறார், அடுத்த முறை அளவைக் கூட்டுகிறார். வீணாவது பணம் மட்டும் அன்று. தெளிக்க வேண்டிய நாளும் தவறிப் போகிறது. மருந்தின் அளவைக் கூட்டுமுன் தெளிப்பானின் மின்னோட்டத்தைப் பார்ப்பது நல்லது.

இதற்கு மீட்டர் கூட இல்லாமல் ஓர் எளிய சோதனை உண்டு. தெளிப்பான் புதிதாக இருக்கும்போதே, பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்து, டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி, ஒரு நிமிடம் நாசிலில் வரும் நீரை அளவுக் குவளையில் பிடிக்க வேண்டும். அந்த அளவை டேங்கின் மேல் பெயிண்டால் எழுதி வைக்கலாம். பிற்பாடு சந்தேகம் வரும்போது, அதே நாசிலைக் கொண்டு அதேபோல் பிடித்துப் பார்க்க வேண்டும். நீர் குறைந்திருந்தால் முதலில் வடிகட்டியையும் நாசிலையும் கழுவவும். அதன் பிறகும் குறைவாகவே வந்தால் மின்பக்கத்தைச் சோதிக்க வேண்டும்.

மின்சாரம் நடக்கும் வழி

பேட்டரித் தெளிப்பானின் அடித்தட்டைக் கழற்றினால் தெரிவது சிக்கலான இயந்திரம் அன்று. பேட்டரியின் நேர்முனையில் சிவப்பு வயர் புறப்படுகிறது. அது ஃபியூஸ் வழியாகச் சுவிட்சுக்குப் போகிறது. சிலவற்றில் அடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கும். பிறகு பம்பின் தலையில் உள்ள அழுத்தச் சுவிட்சு. அதைக் கடந்து மோட்டார். மோட்டாரிலிருந்து கறுப்பு வயர் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. இவை தவிர, சார்ஜர் சொருகும் துளையிலிருந்து இரண்டு வயர்கள் பேட்டரிக்கு வரும்.

போகும் வழி, வரும் வழி இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. வாய்க்காலில் தண்ணீர் கடைமடை போய்ச் சேர்ந்தால் போதும். திரும்பி வர வேண்டியதில்லை. மின்சாரம் அப்படி அன்று. புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பி வந்தாக வேண்டும். சுற்றில் எங்கே அறுந்தாலும் முழுச் சுற்றும் நின்றுவிடும். ஆகையால் கறுப்பு வயரை அலட்சியப்படுத்தக் கூடாது.

சும்மா அளந்தால் மீட்டர் ஏமாற்றும்

மீட்டர் வைத்திருப்பவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தெளிப்பான் ஓடாத நிலையில் அழுத்தச் சுவிட்சுவரை வைத்து அளந்தால் எங்கும் 12 வோல்ட் காட்டும். "கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது" என்று தவறான முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

தண்ணீர்க் குழாயை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். குழாயின் நடுவில் பாதி அடைப்பு இருக்கிறது. கடைசி வால்வு மூடியிருக்கும்வரை, அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தம் ஒன்றாகவே இருக்கும். வால்வைத் திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கினால்தான் அடைப்புக்கு அப்பால் அழுத்தம் இறங்கும். மின்சாரமும் அப்படியே.

ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-ஆம் ஆண்டு வெளியிட்ட விதி இதைக் கணக்காகச் சொல்கிறது. தடையை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவதே இழக்கும் வோல்ட். தெளிப்பான் மோட்டார் வேலை செய்யும்போது பெரும்பாலும் 2 முதல் 4 ஆம்பியர் வரை இழுக்கும். 3 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். களிம்பு பிடித்த இணைப்பில் 1 ஓம் தடை இருந்தால் 3 வோல்ட் அங்கேயே போய்விடும். 12 வோல்ட் 9 ஆகிவிடும். மோட்டார் ஓடாதபோது மின்னோட்டம் பூஜ்யம், இழப்பும் பூஜ்யம், மீட்டர் 12 காட்டும்.

ஆகவே ஒரே ஒரு பாடத்தை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும்: ஓடவிட்டு அளக்க வேண்டும்.

முன்னேற்பாடுகள்

அடித்தட்டைத் திறக்குமுன் டேங்கையும் குழாயையும் நல்ல தண்ணீர் விட்டு மூன்று முறை கழுவ வேண்டும். கையுறை அணிவது அவசியம். பிறகு டேங்கில் பாதியளவு சுத்தமான தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். தண்ணீர் இல்லாமல் பம்பை ஓடவிடக் கூடாது. கைவிரல் மோதிரத்தையும் உலோக வளையலையும் கழற்றி வைக்க வேண்டும். 12 வோல்ட் மின்சாரம் உலர்ந்த கையில் அதிர்ச்சி தராது என்பது உண்மைதான். ஆனால் பேட்டரியின் இரு முனைகளையும் மோதிரமோ திருப்புளியோ ஒருங்கே தொட்டுவிட்டால், அந்த உலோகம் நொடியில் பழுத்துக் கையைச் சுட்டுவிடும்.

தேவையான கருவிகள்: சாதாரண மல்டிமீட்டர், திருப்புளி, குறடு, உப்புத்தாள், இன்சுலேஷன் டேப், ஸ்கூட்டர் முகப்பு விளக்கில் போடும் 12 வோல்ட் 35 வாட் பல்பு ஒன்று. அந்தப் பல்பின் இரு முனைகளிலும் ஒரு முழ வயர் ஈயம் வைத்துப் பற்றிக்கொள்ளலாம். பல்பு உள்ளே கம்பியுள்ள பழைய வகையாக இருக்க வேண்டும், எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. 35 வாட் பல்பு சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். அதாவது தெளிப்பான் மோட்டார் தரும் சுமையை இதுவும் தரும். எரியும்போது கடுமையாகச் சுடுமாதலால் கையில் பிடிக்காமல் ஓட்டுத்துண்டின் மேல் வைப்பது நல்லது.

மீட்டரை நேர்மின்னோட்ட 20 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். ஆம்பியர் அளவில் வைத்துப் பேட்டரி முனைகளைத் தொட்டுவிட்டால் மீட்டர் கெட்டுவிடும்.

பேட்டரி நிரபராதியா?

முதலில் பேட்டரியைச் சோதித்து அதன் மேலுள்ள சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். காஸ்டன் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் 1859-ஆம் ஆண்டு கண்டறிந்த ஈய-அமில பேட்டரியின் வாரிசுதான் தெளிப்பானில் இருக்கும் மூடிய பேட்டரி. இதனுள் சுமார் 2 வோல்ட் தரும் ஆறு அறைகள் உண்டு.

முழுமையாகச் சார்ஜ் செய்து, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஆறவிட்டு அளந்தால் 12.7 வோல்ட் அல்லது சற்றுக் கூடுதலாகக் காட்ட வேண்டும். 12.2 அளவில் இருந்தால் பாதிதான் நிரம்பியிருக்கிறது. 11.8-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. 10.5 அளவிலேயே நின்று, சார்ஜ் ஏற்றியும் உயர மறுத்தால் ஓர் அறை செத்துவிட்டது என்று கொள்ளலாம்.

வோல்ட் சரியாக இருந்துவிட்டால் மட்டும் பேட்டரி நல்லதாகிவிடாது. வைக்கோல் திணித்த மூட்டையும் பார்வைக்கு நெல் மூட்டை போலத்தான் இருக்கும். அதனால் சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். முழுச் சார்ஜ் ஏறிய பேட்டரியில் 35 வாட் பல்பை இணைத்து எரியவிட்டு மணி பார்க்க வேண்டும். 8 ஆம்பியர்-மணி அளவுள்ள நல்ல பேட்டரி, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் பல்பை எரிக்கும். இடையிடையே மீட்டரை வைத்துப் பார்த்து, 10.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அரை மணியிலேயே அந்த அளவுக்கு இறங்கிவிட்டால் பேட்டரியின் ஆயுள் முடிந்தது, தயங்காமல் மாற்றலாம். தாக்குப் பிடித்தால் பேட்டரி நிரபராதி. சோதனை முடிந்தவுடன் மீண்டும் சார்ஜ் செய்து வைக்க வேண்டும்.

படிப்படியாக நடந்து போகும் சோதனை

இப்போது தெளிப்பானை ஓடவிட வேண்டும். வேகத் திருகு இருந்தால் முழு வேகத்தில் வைக்க வேண்டும். கைப்பிடி விசையை அழுத்திப் பிடித்து, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு இன்னொருவர் துணை தேவை.

மீட்டரின் கறுப்புக் கம்பியைப் பேட்டரியின் எதிர்முனையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். சிவப்புக் கம்பியை மட்டும் மின்சாரம் போகும் வழியே ஒவ்வோர் இடமாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். கிடைக்கும் அளவுகளைத் தாளில் குறித்துக்கொள்வது நல்லது. உதாரணமாக இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம்:

பேட்டரி நேர்முனையில் 12.2
ஃபியூசுக்கு அப்பால் 12.1
சுவிட்சுக்கு முன் 12.1
சுவிட்சுக்குப் பின் 10.0
மோட்டார் முனையில் 9.9

பழுது எங்கே என்று சொல்லத் தேவையில்லை. சுவிட்சுக்குள் நுழையும்போது 12.1 இருந்தது, வெளியே வரும்போது 10.0 ஆகிவிட்டது. 2.1 வோல்ட்டைச் சுவிட்சே விழுங்கிவிட்டது. விழுங்கியது வெப்பமாக மாறுவதால், சிறிது நேரம் ஓடிய பின் தொட்டால் சுவிட்சு சுடும். மாற்ற வேண்டியது சுவிட்சைத்தான். பேட்டரியையும் மோட்டாரையும் அன்று.

எந்த இரண்டு இடங்களுக்கு இடையில் அளவு திடீரென இறங்குகிறதோ, அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பழுது. கால் வோல்ட்டுக்குள் இறங்குவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கினால் அந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

தெளிப்பான் அடியோடு ஓடாவிட்டாலும், சுவிட்சைப் போட்ட நிலையில் இதே நடையை நடக்கலாம். எங்கே 12 வோல்ட் முழுவதும் மறைந்து பூஜ்யம் ஆகிறதோ, அதற்குச் சற்று முன்னால் வழி அறுந்திருக்கிறது என்று பொருள்.

திரும்பும் வழியை மறக்கலாகாது

போகும் வழியெல்லாம் சரியாக இருந்தும் மோட்டார் தயங்கினால், மீட்டரின் ஒரு கம்பியை மோட்டாரின் கறுப்பு முனையிலும் மற்றதைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்து ஓடவிட்டு அளக்க வேண்டும். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 1 வோல்ட், 2 வோல்ட் என்று காட்டினால் கறுப்பு வயரிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. மருந்துநீர் கசிந்து அடித்தட்டில் தேங்குவதால், தாழ்வாகக் கிடக்கும் வயர் முனைகள் எளிதில் களிம்பு பிடித்துவிடும்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால்

ஃபியூஸ் ஒருமுறை போனால் அதே ஆம்பியர் அளவுள்ள புதியதைப் போட்டுப் பார்க்கலாம். மறுபடியும் போனால் அது ஓர் எச்சரிக்கை. அந்த இடத்தில் செப்புக் கம்பியைத் திரித்துப் போடுவது, அல்லது சிகரெட் தாளின் தகட்டைச் சுற்றிப் போடுவது பெருந்தவறு. பம்பு செட்டின் ஃபியூஸ் கட்டையைப் பீங்கானில் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. உள்ளே கம்பி உருகித் தெறிக்கும் வெப்பத்தைப் பீங்கான் தாங்கும், தீப்பிடிக்காது, மின்சாரத்தையும் கடத்தாது. உருகுவதற்கென்றே வைத்த மெல்லிய கம்பி உருகினால்தான் மோட்டார் பிழைக்கும். அதைத் தடித்த கம்பியாக்கிவிட்டால், அடுத்து எரிவது மோட்டார் அல்லது வயர். தெளிப்பானிலும் நியாயம் ஒன்றே. இங்கே அடித்தட்டும் டேங்கும் பிளாஸ்டிக் என்பதால் ஆபத்து அதிகம்.

ஃபியூசைப் போக்கும் ஒட்டுப்பழுதைக் கண்டுபிடிக்கப் பல்பு நன்கு பயன்படும். ஃபியூசை எடுத்துவிட்டு, அதன் இரு முனைகளிலும் 35 வாட் பல்பின் வயர்களை இணைக்க வேண்டும். மோட்டாரின் சொருகு இணைப்பைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட வேண்டும். பல்பு எரியக் கூடாது. எரிந்தால், வழியில் எங்கோ சிவப்பு வயரும் கறுப்பு வயரும் தோல் உரிந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்க வேண்டும். எந்த இடத்தை அசைக்கும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் ஒட்டு. எலி கடித்த இடம், அடித்தட்டின் திருகு அழுத்திய இடம், வயர் மடங்கும் இடம் ஆகியவற்றை முதலில் பார்ப்பது நல்லது.

பல்பு எரியாவிட்டால் மோட்டாரை மீண்டும் இணைத்துப் பார்க்கலாம். பல்பு மங்கலாக எரிந்து மோட்டார் மெதுவாகச் சுழன்றால் பயமில்லை. பல்பு முழு வெளிச்சத்துடன் எரிந்து மோட்டார் அசையாமல் நின்றால், பம்பு இறுகியிருக்கிறது அல்லது மோட்டாரின் உள்ளே ஒட்டு ஏற்பட்டிருக்கிறது.

அழுத்தச் சுவிட்சும் மோட்டாரும்

விசையை விட்டதும் மோட்டார் தானே நிற்பதும், அழுத்தியதும் ஓடத் தொடங்குவதும் அழுத்தச் சுவிட்சின் வேலை. நாளெல்லாம் நூற்றுக்கணக்கான முறை இது திறந்து மூடுவதால், உள்ளே உள்ள சிறு தகடுகள் கருகிவிடும். விசையை அழுத்தியும் மோட்டார் ஓடாமல், பம்பின் தலையில் லேசாகத் தட்டியதும் ஓடினால் சந்தேகம் இதன் மேல்தான். விசையைத் திறந்து பிடித்துக்கொண்டு, அழுத்தச் சுவிட்சின் இரண்டு வயர்களையும் ஒரு கணம் சேர்த்துப் பார்க்க வேண்டும். மோட்டார் ஓடினால் அழுத்தச் சுவிட்சை மாற்ற வேண்டும். வயர்களை நிரந்தரமாகச் சேர்த்துக் கட்டிவிடும் பழக்கம் கூடாது. விசையை விட்டதும் அழுத்தம் ஏறி ஓஸ் பிய்ந்து, மருந்து முகத்தில் அடிக்கும்.

மோட்டாரைச் சோதிக்க, அதன் இரு வயர்களையும் வழியிலிருந்து பிரித்து, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் பேட்டரியில் நேராகத் தொடவேண்டும். இச்சோதனையின்போதும் விசை திறந்திருக்க வேண்டும். நன்றாக ஓடினால் மோட்டார் நல்லது. ஓடாமல், பக்கவாட்டில் தட்டியதும் ஓடினால் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கலாம். மோட்டார் விர்ரென்று ஓடியும் தண்ணீர் வராவிட்டால் பழுது மின்சாரத்தில் இல்லை. டயாபிரம், வால்வு, வடிகட்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சார்ஜரின் பச்சை விளக்கை நம்பலாமா?

இரவெல்லாம் சார்ஜ் செய்தும் காலையில் ஒரு டேங்க் அடிப்பதற்குள் நின்றுவிடுகிறது என்பது பலரின் குறை. சார்ஜர் சொருகியிருக்கும்போதே பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்து பார்க்க வேண்டும். வோல்ட் படிப்படியாக ஏறி 13.5-ஐக் கடந்து 14-ஐ ஒட்டிப் போக வேண்டும். சார்ஜரைச் சொருகுமுன் இருந்த அளவே அசையாமல் நின்றால் மின்சாரம் பேட்டரிக்குள் போகவில்லை. சார்ஜ் துளை, அதன் பின்னால் உள்ள ஈயப்பற்று, அங்கிருந்து வரும் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

காலியான பேட்டரியில் சொருகியதும் பச்சை விளக்கு எரிந்தால் மகிழக் கூடாது. வழி அறுந்து மின்சாரம் ஓடாவிட்டாலும் பச்சை எரியும். பேட்டரியின் தகடுகளில் வெள்ளை உப்புப் படிந்து இறுகிவிட்டாலும் பச்சை எரியும். முன்னதில் வோல்ட் அசையாது. பின்னதில் சட்டென்று மிக உயரே ஏறி, சார்ஜரைக் கழற்றியதும் சரிந்துவிடும்.

இணைப்புகளைச் சீர் செய்தல்

பழுதான இணைப்பைக் கழற்றி, பச்சையாகப் பூத்த களிம்பை உப்புத்தாளால் செம்பு மின்னும்வரை தேய்க்க வேண்டும். தளர்ந்த சொருகு முனையைக் குறட்டால் லேசாக நெரித்தால் இறுக்கமாக உட்காரும். கருகிய முனையை வெட்டிவிட்டுப் புதிய முனை போட வேண்டும். வயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது நீடிக்காது; ஈயம் வைத்துப் பற்றி, பிறகு டேப் சுற்ற வேண்டும். இணைத்து முடித்தபின் முனையின் மேல் சிறிது வாஸலின் தடவினால் ஈரம் அண்டாது. பிறகு மீண்டும் ஓடவிட்டு அளந்து, இழப்பு மறைந்ததை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பெரிய வண்டிக்கும் இதுவே வழி

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் பார்வையாளர்களை ஏற்றிச் செல்லும் பேட்டரி வண்டியைப் பார்த்திருப்பவர்கள் உண்டு. கோல்ஃப் மைதானங்களில் ஓடும் சிறு வண்டியும் அதே இனம். இவற்றில் பல பேட்டரிகளை வரிசையாகக் கோத்து 36 அல்லது 48 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். சாவியும் மிதியும் சிறு மின்சாரத்தை ஒரு காந்தச் சுவிட்சுக்கு அனுப்புகின்றன. அது "டக்" என்று மூடி, பெரிய மின்சாரத்தை மோட்டார் பக்கம் விடுகிறது. பம்பு செட் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அமுக்கியதும் நடப்பதும் இதுதான்.

அங்கும் பழுது பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "டக்" சத்தம் வருகிறதா என்பதே. வராவிட்டால் சிறு மின்சாரத்தின் வழியில் பழுது. வந்தும் வண்டி நகராவிட்டால் பெரும்பாலும் பெரிய மின்சாரத்தின் வழியில். வண்டி திணறினால், ஓடும்போது ஒவ்வொரு பேட்டரியாக அளந்து பார்ப்பார். நுகத்தில் பூட்டிய மாடுகளில் ஒன்று நொண்டினால் வண்டியே தங்கிவிடுவது போல, வரிசையில் ஒரு பேட்டரி தளர்ந்தாலும் மற்றவையும் சேர்ந்து தள்ளாடும். தெளிப்பானில் இந்த முறையைக் கற்றவருக்கு டிராக்டரின் செல்ஃப் ஸ்டார்ட்டும் புரியாத புதிராக இருக்காது. ஆனால் பெரிய பேட்டரிகளின் மின்னோட்டம் மிக அதிகமாதலால், அங்கே கை வைப்பது பயிற்சி பெற்றவரின் வேலை.

லித்தியம் பேட்டரி உள்ள தெளிப்பான்களும் இப்போது புழக்கத்தில் உள்ளன. எடை குறைவு என்பது அவற்றின் நன்மை. வழியைச் சோதிக்கும் முறை அவற்றுக்கும் பொருந்தும். ஆனால் பேட்டரிக்கு மேலே சொன்ன வோல்ட் கணக்குப் பொருந்தாது. அதன் பெட்டியைத் திறக்கவே கூடாது. ஈய பேட்டரியின் சார்ஜரை லித்தியத்துக்கும், லித்தியத்தின் சார்ஜரை ஈயத்துக்கும் மாற்றிப் போடக் கூடாது. தீ விபத்துக்கு அது வழிவகுக்கும்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

தெளித்து முடித்த அன்று மாலையே பேட்டரியைச் சார்ஜ் செய்துவிட வேண்டும். காலியாகக் கிடக்கும் ஈய பேட்டரி நாளுக்கு நாள் கெடும். தெளிப்பு இல்லாத பருவத்திலும் மாதம் ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டும். சார்ஜ் செய்யும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும். வைக்கோல் போருக்கும் படுக்கும் அறைக்கும் அது தள்ளியே இருக்கட்டும். புதிய பேட்டரி மாட்டும்போது சிவப்பு, கறுப்பு முனைகள் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயுள் முடிந்த பேட்டரியைக் கொல்லையில் எறியாமல் கடையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். அதிலுள்ள ஈயம் மண்ணுக்கும் குழந்தைகளுக்கும் நஞ்சு. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறுவதைத் தயாரிப்பாளரின் பொறுப்பாக ஆக்கியுள்ளன.

மல்டிமீட்டரை ஒவ்வொருவரும் வாங்க வேண்டும் என்பதில்லை. தெருவுக்கு ஒன்று இருந்து, அதைப் பிடிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் இருந்தால் போதும். மணிலாவில் முதல் புள்ளி தென்படுமுன்பே தெளிப்பானை ஒருமுறை ஓடவிட்டு அளந்து வைத்துக்கொள்ளும் விவசாயி, மருந்து அடிக்க வேண்டிய காலை வேளையில் பேட்டரிக் கடையின் வாசலில் நிற்க நேராது.